கறுப்புத் திரையில் பேசுவது யார்?

மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்ப். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மிஷின் படுத்துக்கொண்டால், சர்வீஸ் ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. அப்படி வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

ஆரம்பித்து வைத்தவன் என் அக்கா மகன். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அதில் விண்டோஸ் 7-ம், பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. பொத்தானை அழுத்தினால் எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அவன் ஒருநாள் கூட லினக்ஸைத் தொட்டதில்லை. காலேஜ் முதல் வருஷம், கேம் ஏற்ற இடம் பற்றவில்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் பெயரும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் பிரித்துவைத்த ஒரு பகுதி, சும்மா கிடந்திருக்கிறது. அழித்துவிட்டான். மறுநாள் காலையில் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றான்.

"மாமா, ஒண்ணும் வரலை. கறுப்பா நிக்குது."

ஒன்றும் வராமல் இல்லை. இரண்டு வரி வந்திருந்தது. மேல் வரியில் 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்', கீழே 'கிரப் ரெஸ்க்யூ', அதன் பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு கர்சர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம், டேட்டா வராது" என்று சொல்லிவிட்டார்களாம். அவனுக்குக் கேம் போனதில் கவலை இல்லை. அவன் பாட்டி, அதாவது என் அம்மா, இறப்பதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் உறுத்தியது. டிஸ்க் செத்துப்போயிருந்தால் அந்த இரண்டு வரியை எழுதியது யார்?

இரண்டு நாள் படித்ததில் விஷயம் புரிந்தது. பயாஸ் என்பது ஆன் செய்ததும் மிஷினை எழுப்பும் மதர்போர்டு நிரல். அந்தப் பழைய முறை மிஷினில் டிஸ்கின் முதல் செக்டர், அதாவது முதல் கட்டம், 512 பைட். அதில் 446 பைட்தான் துவக்கி நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் ஒரு முத்திரை. 446 பைட் என்பது எவ்வளவு என்று எங்கள் தொழில் கணக்கில் சொல்கிறேன். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். ஆக 148 குறியீடு. 'நிகழும் மங்களகரமான' என்று பத்திரிகையை ஆரம்பித்தால் முகூர்த்த நேரத்துக்கு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். இவ்வளவு சின்ன இடத்தில் முழு பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல், எப்படி அடங்கும்? அதனால் லினக்ஸின் பூட்லோடரான கிரப் தன்னைத் துண்டு போட்டுக்கொள்கிறது. முதல் துண்டு அந்த 446-க்குள். இரண்டாவது, முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தில். மூன்றாவது, பட்டியலைக் காட்டுகிற பெரிய துண்டு, லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் ஒரு ஃபோல்டரில். பையன் அழித்தது இந்த மூன்றாவதை. முதல் இரண்டும் உயிரோடு இருந்து, 'நான் தேடி வந்த வீட்டைக் காணோம்' என்று முறையிட்டுக்கொண்டிருந்தன.

அங்கே 'எல்எஸ்' என்று தட்டினால் டிஸ்கும் பார்ட்டிஷன்களும் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வரும். வந்தன. விண்டோஸ் பார்ட்டிஷன்கள் அப்படியே இருந்தன. லினக்ஸ் மட்டும் இல்லை. கிரப்பின் மிச்சம் எங்கேயும் இல்லாததால் அதை எழுப்புவதில் அர்த்தமில்லை. முதல் செக்டரை விண்டோஸின் கையில் திரும்பக் கொடுத்தால் போதும். விண்டோஸ் 7 ரிப்பேர் சிடி ஒன்றை இன்னொரு மிஷினில் எழுதி, டிவிடி டிரைவை வெளியே செருகி, கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பூட்ரெக்', ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. என்டர் தட்டி ஒரு விநாடி ஆகியிருக்காது, முடிந்தது என்றது. சிடியை எடுத்துவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் கொடி வந்தது. அம்மா படம் எல்லாம் இருந்தது.

அன்றிலிருந்து யார் மிஷின் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இப்போது திரையில் பேசுவது யார் என்பதுதான். மிஷின் எழுந்திருப்பது தொடர் ஓட்டம் மாதிரி. மதர்போர்டு பூட்லோடரிடம் கொடுக்கும், பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம், கர்னல் மற்றதிடம். கடைசியாகப் பேசியவன் வரைக்கும் எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அவனுக்கு அடுத்தவனைத்தான் தேட வேண்டும். ஃபேன் மட்டும் சுற்றித் திரை இருட்டாக இருந்தால் பூட்லோடரைப் பற்றி யோசிக்கவே கூடாது. ரேமைக் கழற்றி, பித்தளை நிறப் பற்களை ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பேசுவது மதர்போர்டு. அதன் செட்டப்புக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிள் அல்லது டிஸ்க். தெரிந்தால் டிஸ்கில் பூட்லோடர் இல்லை, அல்லது வேறு டிஸ்கைப் பார்க்கச் சொல்லி வரிசை மாறியிருக்கிறது. 'கர்னல் பேனிக்' என்று எழுத்து ஓடி நின்றால் கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் அநேகமாக எழுந்துவிடும்.

சரி, அக்கா மகனைத் திட்டிய வாயோடு அடுத்த வருஷம் நானும் அதே தப்பை வேறு விதமாகச் செய்தேன். கடை மிஷினில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் போட்டிருந்தேன். நடுவில் ஒரு காலி டிரைவ். எதற்கு என்று அதை அழித்தேன். லினக்ஸைத் தொடவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பு. பழைய அட்டவணை முறையில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு, அதாவது ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் அடங்கியவற்றுக்கு, எண் 5-ல் தொடங்கும். காலி டிரைவ் 5, லினக்ஸ் 6. 5-ஐ அழித்ததும் 6 நகர்ந்து 5 ஆகிவிட்டது. கிரப்போ கதவு எண் 6-ஐத் தட்டிக்கொண்டு நின்றது. மறுபடியும் அதே இரண்டு வரி.

ஆனால் இந்த முறை வீடு இருந்தது, கதவு எண்தான் மாறியிருந்தது. இதற்கு சிடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 'எல்எஸ்' தட்டி, ஒவ்வொரு பார்ட்டிஷனாக அதற்குள் பூட், அதற்குள் கிரப் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். 5-ல் இருந்தது. 'செட் ப்ரீஃபிக்ஸ்' என்று தட்டி, சமக்குறி போட்டு, அந்த ஃபோல்டரின் முழு முகவரி. அடுத்து 'செட் ரூட்', சமக்குறி, அந்தப் பார்ட்டிஷன். பிறகு 'இன்ஸ்மாட் நார்மல்'. கடைசியாக வெறும் 'நார்மல்'. நான்கே வரி. ரெஸ்க்யூவில் டேப் அடித்தால் மிச்சத்தை நிரப்பித் தராது. ஒவ்வொரு எழுத்தையும் நாமே அடிக்க வேண்டும். ஒரு விஷயம்: கிரப் டிஸ்கை 0-விலிருந்து எண்ணும், பார்ட்டிஷனை 1-லிருந்து எண்ணும். இது தெரியாமல் பத்து நிமிஷம் வீணாக்கினேன். பட்டியல் வந்ததும் லினக்ஸ் பிசகில்லாமல் எழுந்தது. காரணம், உள்ளே கர்னலைத் தேடுவது எண்ணை வைத்து இல்லை, யூயூஐடி என்கிற நிரந்தர அடையாளத்தை வைத்து. உள்ளே போனதும் 'கிரப்-இன்ஸ்டால்' ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். ஓட்டாவிட்டால் அந்த நான்கு வரியைத் தினமும் காலையில் சுப்ரபாதம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லாக் கோளாறும் டிஸ்கில் இருக்காது. ஸ்கிரீன் பிரிண்டிங் போடும் ஒரு அண்ணன் மிஷின் திங்கட்கிழமை ஆனால் படுத்துக்கொள்ளும். யாராவது வந்து சரிசெய்துவிட்டுப் போனால் சனி வரை சமர்த்தாக ஓடும். திங்கள் காலை ஆன் செய்தால் நீலத் திரை ஒரு கணம் மின்னும், மிஷின் தானே ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி மின்னும். படிக்கவே விடாது. செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்; கோட் கடைசியில் 7பி. விண்டோஸால் தன் டிஸ்கையே அணுக முடியவில்லை என்பதற்கான எண் அது. பயாஸுக்குள் போனால் தேதி பல வருஷம் பின்னால் நின்றது. அங்கேயே பிடிபட்டது. காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. மற்ற நாள்களில் இரவு மிஷினை மட்டும் அணைப்பார், சுவரிலிருந்து சொட்டுக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும், பயாஸுக்கு நினைவு தப்பாது. சனிக்கிழமை இரவு மட்டும் மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போவார். ஞாயிறு முழுக்கக் கரன்ட் இல்லாமல் செட்டிங் எல்லாம் அழிந்து, டிஸ்கோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறிவிடும். விண்டோஸ் ஏறியது ஏஎச்சிஐ-யில். எப்படி எழுந்திருக்கும்? பேட்டரியை மாற்றி, முறையைத் திருப்பி வைத்ததோடு சரி. அதற்கு முன்னால் அவர் இரண்டு முறை ஃபார்மட்டுக்குப் பணம் கொடுத்திருந்தார்.

எனக்கு மிகவும் தண்ணி காட்டியது எஸ்எஸ்டி விவகாரம்தான். 2019-ல் கடைக்கு, பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறையான யூஇஎஃப்ஐ மிஷின் வந்தது. பழைய ஹார்டு டிஸ்கோடு புதிதாக ஒரு எஸ்எஸ்டி மாட்டி, அதில் உபுண்டு போட்டேன். பூட்லோடரை எங்கே வைக்க என்ற கேள்வியைப் படிக்காமலே சரி, சரி என்று தட்டியிருக்கிறேன். அது போய் உட்கார்ந்தது பழைய டிஸ்கில் இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனில். ஒன்றரை வருஷம் தெரியவே இல்லை. பழைய டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும், அதில் இருந்ததை எல்லாம் காப்பி எடுத்துக் கழற்றிப் போட்டேன். மறுநாள் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. எஸ்எஸ்டி செட்டப்பில் தெரிகிறது, முழு உபுண்டுவும் அதில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் வாசல் வேறு டிஸ்கோடு போய்விட்டது.

யூஇஎஃப்ஐ-யில் 446 பைட் கதை கிடையாது. எஃப்ஏடி32 ஃபார்மட்டில் ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதற்குள் இஎஃப்ஐ என்று ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு ஃபோல்டர். எந்தக் கோப்பை முதலில் எழுப்புவது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவில் இருக்கும். ஒருவகையில் இது நல்லது, கோப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் புது எஸ்எஸ்டியில் அந்தப் பார்ட்டிஷனே இல்லை.

பென்டிரைவ் உபுண்டுவில் எழுந்து, பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டட் வைத்து, எஸ்எஸ்டியின் பார்ட்டிஷனைக் கடைசிப் பக்கத்திலிருந்து 500 எம்பி சுருக்கி, அங்கே எஃப்ஏடி32 உருவாக்கி, இதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று காட்டும் இஎஸ்பி கொடி போட்டேன். முன்பக்கத்திலிருந்து சுருக்கினால் மொத்த டேட்டாவையும் நகர்த்தும். மணிக்கணக்காகும், நடுவில் கரன்ட் போனால் அவ்வளவுதான். அடுத்தது சிஎச்ரூட். பென்டிரைவ் லினக்ஸில் நின்றுகொண்டே, படுத்துக்கிடக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து அதன் கையாலேயே கிரப்பைப் போட வைக்கிற வித்தை. கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால், இந்த மிஷினில் இஎஃப்ஐ வேரியபிள் எதுவும் இல்லை என்கிறது. யூஇஎஃப்ஐ மிஷினில் இருந்துகொண்டு இது என்ன பேச்சு என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன்: பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை வருகிறது, ஒன்றின் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறது, நான் மற்றதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பழைய முறையில் எழுந்த லினக்ஸுக்குப் புது முறை மிஷின் கண்ணுக்கே தெரியாது. திரும்ப முதலிலிருந்து.

போட்டு முடித்து ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் வந்தது, சந்தோஷம். உள்ளே போனால் 'ஏ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்' என்று ஒன்றரை நிமிஷம் எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய்த் தள்ளியது. எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய டிஸ்கின் இஎஃப்ஐ யூயூஐடி அப்படியே இருந்தது. அந்த டிஸ்குக்காகத்தான் 90 விநாடி காத்திருந்து பார்த்திருக்கிறது, பாவம். அந்த வரியில் புது யூயூஐடியைப் போட்டதும் முடிந்தது. வெளியே மாட்டுகிற டிஸ்கை எஃப்எஸ்டேப்பில் எழுதினால் 'நோஃபெயில்', அதாவது டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் போ, என்ற சொல்லைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

இப்போது வரும் மிஷின்களில் பூட்லோடரைவிட அதன் காவலாளிதான் பெரிய தலைவலி. செக்யூர் பூட் இருந்தால் கையெழுத்து இல்லாத, அல்லது ஆபத்தானது என்று விலக்கப்பட்ட பூட்லோடரை மதர்போர்டு ஏற்றாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலருக்கு 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு' என்று வந்து மிஷின் அணைந்துபோனது. செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போய், எஸ்பேட் கொள்கையை, அதாவது எந்தப் பழைய பூட்லோடரை விலக்குவது என்ற கணக்கை, அழித்துவிட்டு வருவது வழியாக இருந்தது. ஆனால் அணைக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். விண்டோஸ் 11 மடிக்கணினி பலவற்றில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டையோ பயாஸ் செட்டிங்கையோ மாற்றினால் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது அநேகமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதனால் முதலில் சாவியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நான் அடுத்தவர் மிஷினில் கை வைக்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் யோக்கியமாக இருக்காது. 2016-ல் ஒரு டீச்சர், மிஷின் மெனு வர அரை மணி நேரம் ஆகிறது என்று கொண்டுவந்தார். பூட் கோளாறு என்று நானே முடிவுகட்டினேன். அதுவரை எல்லாம் சரியாக வந்ததில் கொஞ்சம் தலைக்கனம். காதை வைத்துக் கேட்டிருந்தால் டக், டக் என்று டிஸ்க் தட்டுவது கேட்டிருக்கும். கேட்கவில்லை. இரவெல்லாம் டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாகக் கிடக்கும் டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்திருக்கிறேன், பாதியில் உயிர் போய்விட்டது. காலையில் செட்டப்பில் பெயரே தெரியவில்லை. அவர் பையனின் முதல் இரண்டு வருஷப் படங்கள். முதல் நாள் வந்தவுடன் காப்பி எடுத்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லை தம்பி என்று மிஷினை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு கடைக்கு வரவும் இல்லை.

இப்போது எந்த மிஷின் வந்தாலும் முதலில் பென்டிரைவிலிருந்து எழுப்பி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்ப்பேன். ரீஅலோகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), பெண்டிங் (சந்தேகத்தில் நிற்பவை) என்ற இரண்டு செக்டர் வரிகளில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறியிருந்தால் ரிப்பேர் பேச்சே கிடையாது, முதலில் காப்பி. பூஜ்யமாக இருந்தாலும் முக்கியமான ஃபோல்டர்களைக் காப்பி எடுத்த பிறகுதான் மற்றது.

இதற்கென்றே 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவிலிருந்து எழுப்பும் வென்டாய் போட்டு, உபுண்டு, விண்டோஸ் 10, 11, ஜிபார்ட்டட் எல்லாவற்றின் ஐஎஸ்ஓ கோப்பையும் (முழு சிடியின் நகல்) ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தேன். 'தொடாதே' என்று லேபிள் அடித்து ஒட்டி, கட்டிங் மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். போன மாதம் பைண்டிங் பையன் கோயில் திருவிழாவுக்குப் பாட்டு ஏற்ற எடுத்துக்கொண்டு போய், இடம் இல்லை என்று ஃபார்மட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு நாற்பது இருக்கிறது அதில் இப்போது.